மைலோ பெட்டிகளில் வந்த மோரிஸ் மைனர்

பழைய காடியை, அதாவது காரை, பிரித்தவரே அதைத் திரும்பப் பூட்டி ரோட்டில் விட்டதை எங்கள் பக்கம் நான் அதிகம் பார்த்ததில்லை. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட், கோலகங்சார், ஈப்போ என்று ஞாயிற்றுக்கிழமைகளில் பசியாறக் கூடுகிறவர்களின் மோரிஸ் மைனர், டாட்சன் 120ஒய், பீட்டல்களின் கதையைக் கேட்டுப் பாருங்கள். "ஒருத்தர் பாதியில விட்டத வாங்குனேன்" என்றுதான் பல கதைகள் தொடங்கும். என் மைனரும் அப்படி வந்ததுதான். நான்கு கதவு, 1098 சிசி, 1964ஆம் ஆண்டுப் பதிவு. நான் வாங்கியபோது இருந்தது கூடும் எஞ்சினும்தான். மற்றதெல்லாம் மைலோ பெட்டிகளில் இருந்தது.

விற்றவரை ஊரில் கிராணி அண்ணன் என்பார்கள். தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கராக, இருந்தவர் அவருடைய அப்பா. பால்மர (ரப்பர்) காலத்தில் துரைக்கு லேண்ட் ரோவர் இருக்கும். கிராணி, தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் கையில் நாலு காசு சேர்ந்தால் ஒரு மோரிஸோ ஆஸ்டினோ வரும். மைனர் லண்டனில் அறிமுகமானது 1948இல். அதே ஆண்டு ஜூனில்தான் எங்கள் சுங்கை சிப்புட் பக்கத்தில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுடப்பட்டு, நாட்டில் அவசரகாலமே வந்தது. தோட்டத்துப் பெரியவர்கள் காடிப் பேச்சை எடுத்தால் அந்தப் பேச்சும் கூடவே வந்துவிடும். பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்ட பிறகு கிராணி குடும்பம் டவுன் பக்கத்து வீடமைப்புத் தாமானுக்குக் குடிபெயர்ந்தது. காடியும் கூடவே வந்து தகரக் கொட்டகைக்குள் போனது. அப்பா காலமான பிறகு யாரும் அதைத் தொடவில்லை. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும்தான் அண்ணனுக்கு ஆசை வந்திருக்கிறது. தாத்தா காடியில் பேத்தி கோயிலுக்குப் போகவேண்டும்.

ஆசையில் குறையில்லை. ஆனால் பழைய காடி வேலைக்கு நாள் குறிப்பது ஆபத்து. பிரித்துப் பார்க்கும்வரை எவ்வளவு வேலை என்று எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. மைனருக்குத் தனி சேஸி கிடையாது, உடம்பே சேஸி. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில், முன் இருக்கைக்கு அடியில் குறுக்கே போகும் கிராஸ் மெம்பர், பின் ஸ்பிரிங் மாட்டும் இடம், இவைதான் பாரத்தைத் தாங்குகின்றன. துருவுக்குப் பிடித்த இடங்களும் இவையேதான். மேலே பெயிண்ட் மினுமினுக்கும், கம்பளத்தைத் தூக்கினால் ரோடு தெரியும். பேராக் மழையைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

அண்ணன் காடியை ஒரு வெல்டரிடம் விட்டார். அவர் கல்யாண அவசரத்தில் இரண்டு பக்க சில்லையும் ஒரே மூச்சில் அறுத்தெடுத்துவிட்டார். கதவு வாசலுக்குக் குறுக்கே ஒரு இரும்புகூட முட்டுக் கொடுக்கவில்லை. உடம்பு நடுவில் இறங்கிவிட்டது, இறங்கிய நிலையிலேயே புதுத் தகட்டை வைத்து ஒட்டியும் ஆயிற்று. அதுவரை ஒழுங்காகச் சாத்திய கதவு அதற்குப் பிறகு சாத்தவே இல்லை. கல்யாண நாள் வந்தது, பொண்ணு டொயோட்டா வெல்ஃபயரில் கோயிலுக்குப் போனாள். "கல்யாணம்தான் முடிஞ்சிருச்சே, இனி யாருக்கு இது?" என்று வீட்டில் கேட்டபோது அண்ணனிடம் பதில் இல்லை.

காசு தீர்ந்ததால் விட்டார் என்றுதான் ஊரில் பேச்சு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நான் வாங்கிய பெட்டிகளில் இங்கிலாந்திலிருந்து வரவழைத்துப் பிரிக்காமலே வைத்திருந்த குரோம் பட்டைகள், ரப்பர் பீடிங், புது ஹெட்லைட் வளையம் எல்லாம் இருந்தன. சில பொட்டலங்கள் கல்யாணத்துக்குப் பிறகு வந்தவை. சாமான் வாங்குவதை அவர் நிறுத்தவில்லை, கொட்டகைக்குள் போவதைத்தான் நிறுத்தியிருக்கிறார். கதவு சாத்தாத காடியை தினமும் போய்ப் பார்க்க யாருக்குத்தான் மனசு வரும்? இந்த நோயை நம் கூட்டத்தில் பலரிடம் பார்த்திருக்கிறேன். வேலை முட்டி நிற்கும் இடத்தைத் தொடாமல், அதற்கு ரொம்பத் தூரத்தில் இருக்கும் அலங்காரச் சாமானை வாங்கிக்கொண்டே இருப்பார்கள்.

எனக்கு வசதியான விஷயம், இந்தக் காடியின் மேல் எனக்கு எந்த வாக்குறுதியும் இல்லை. செம்பனை ஆலையில் பராமரிப்புப் பிரிவில் ஃபிட்டர் வேலை. வெல்டிங் தெரியும், சனி ஞாயிறு கையில் இருக்கிறது. யார் கல்யாணத்துக்கும் இது ஓடவேண்டியதில்லை. ஆனால் பிரித்தவருக்கு எந்த போல்ட் எங்கே என்ற ஞாபகமாவது இருக்கும், எனக்கு அதுவும் இல்லை. போதாததற்கு நட்டு எல்லாம் இஞ்ச் அளவு. அரை இஞ்ச் நட்டில் 13 மில்லி ஸ்பானர் உட்காரும், கழற்றவும் செய்யும். துருப்பிடித்து இறுகியது என்றால் அந்த 0.3 மில்லி இடைவெளியே நட்டின் மூலையை மழுக்கிவிடும். முதலில் ஒரு செட் இஞ்ச் ஸ்பானர் வாங்கிவிட்டுப் பிறகு காடியைத் தொடுங்கள்.

அதற்கும் முன்னால் கிராண்டை, அதாவது காடியின் உரிமைப் பத்திரத்தை, பாருங்கள். இந்தக் காடியின் கிராண்ட் காலமான அப்பாவின் பெயரிலேயே இருந்தது. சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் கவுண்டரில் நேராகப் போய்ப் பெயர் மாற்ற வழியில்லை. இறந்தவர் விட்டுப்போனது அசையும் சொத்து மட்டும், மதிப்பும் 6 லட்சம் வெள்ளிக்குள் (ரிங்கிட்) என்றால் அரசாங்கத்தின் அமானா ராயா அறங்காவல் நிறுவனம் மூலம் முடிக்கலாம். தோட்டத்து வீடு தோட்டத்துடையது, தாமான் வீடு அண்ணன் பெயரில் வாங்கியது. ஆக அப்பா பெயரில் மிச்சம் இருந்தது இந்தக் காடி ஒன்றுதான். இறப்புப் பத்திரம், வாரிசுகளின் அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம் எல்லாம் திரட்டலாம். கஷ்டம் கையெழுத்தில் இருக்கிறது. கிள்ளானில் ஒரு தம்பி, ஜொகூர் பாருவில் ஒரு தங்கை. இத்தனை வருஷம் தகரத்துக்குள் கிடந்தபோது அதைக் குப்பை என்றவர்கள், கிளாசிக் கார் என்ற சொல்லைக் கேட்டதும் இணையத்தில் விலை தேட ஆரம்பித்துவிட்டார்கள். காட்டியதெல்லாம் முடித்துப் பளபளக்கும் காடிகளின் விலை. "அப்பா காடிய இவ்ளோ மலிவா குடுத்திட்டீங்களா?" என்று தம்பி கேட்க, அண்ணன் அவரை வரவழைத்துக் கம்பளத்தைத் தூக்கிக் காட்டினார். கையெழுத்து அன்றைக்கே கிடைத்தது.

பிறகு டோ லோரியில் ஏற்றி ஈப்போ புஸ்பாகோம் வாகனப் பரிசோதனை நிலையத்தில் பெயர் மாற்றத்துக்கான பி5 பரிசோதனை. சேஸி எண்ணும் எஞ்சின் எண்ணும் கிராண்டோடு ஒத்துப்போகவேண்டும். மைனரில் எஞ்சின் எண் பிளாக்கின் மேல் ரிவெட் அடித்த ஒரு சின்னத் தகட்டில் இருக்கிறது. கறுப்பு மண்டிப்போயிருந்ததை மண்ணெண்ணெய் தொட்டுப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எண்ணை வெளியே கொண்டுவந்தேன்.

எஞ்சின் விஷயத்தில் நண்பர்கள் எல்லாரும் ஒரே கட்சி: பழசைத் தூக்கிப் போடு, நிசான் வேனெட் சி22இன் ஏ15 எஞ்சினையும் கியர் பாக்ஸையும் வை. 1487 சிசி, சாமான் எங்கும் கிடைக்கும், மைனருக்குள் உட்காரவும் செய்யும். செய்தவர்கள் சந்தோஷமாகத்தான் ஓட்டுகிறார்கள். சாலை வரிகூடப் பெரிதாக ஏறாது. தீபகற்பத்தில் தனியார் சலூன் காடிக்கு 1098 சிசி என்றால் 55 வெள்ளி, 1487 சிசிக்கு 90. ஆனால் எஞ்சினை மாற்றினால் ஜேபிஜே அனுமதி, எஞ்சின் எங்கிருந்து வந்தது என்ற பத்திரம், திரும்பவும் பரிசோதனை என்று இன்னொரு சுற்று. அந்தச் சுற்றின் நடுவில் நின்றுபோன காடிகள் எனக்குத் தெரியும். எஞ்சினும் உள்ளே இருக்கும், பெயிண்டும் அடித்திருக்கும், ரோட்டுக்கு மட்டும் வராது. ஆகவே இறுகிப்போயிருந்த பழைய எஞ்சினிலேயே பிளக் ஓட்டைகளில் டீசல் ஊற்றி ஊறவிட்டேன். மனைவி வீட்டார் வழியில் மதுரைக்கார மாமா ஒருவர் அம்பாசடர் சாமான் அனுப்பட்டுமா என்றார். பாசம்தான். அம்பாசடர் மோரிஸ் ஆக்ஸ்போர்டின் வழியில் வந்தது, மைனருக்குத் தூரத்துச் சொந்தம்.

இனி அந்தக் கதவு. முட்டுக் கொடுக்காமல் ஒட்டிய சில்லை மறுபடி அறுக்கவேண்டும். இந்த முறை அறுக்கும் முன் எல்லாக் கதவு வாசலிலும் ஆங்கிள் இரும்பைக் குறுக்கே வைத்து, அதை போல்ட்டால் கூட்டவும் குறைக்கவும் முடிகிற மாதிரி செய்துகொண்டேன். ஒரு பக்கம் மட்டும் அறுத்து, நடுவில் மரக்கட்டை வைத்து ஜேக்கை ஏற்றினேன். கதவைச் சாத்திய நிலையிலேயே வைத்துக்கொண்டு, ஜேக்கில் கால் திருப்பு, வாசல் இரும்பில் அரைத் திருப்பு, கதவு விளிம்பைச் சுற்றி ஒரு நாணயத்தை ஓட்டிப் பார்ப்பது, மறுபடி கால் திருப்பு. நாணயம் மேலே தாராளமாகப் போகும், பூட்டுக்குப் பக்கத்தில் சிக்கும். அது நாலு பக்கமும் ஒரே மாதிரி ஓடத் தொடங்கியபோது கதவைத் திறந்து லேசாகத் தள்ளினேன். தானே போய்ப் பூட்டிக்கொண்டது. அதற்கு அப்புறம்தான் வெல்டிங் டார்ச்சைக் கையில் எடுத்தேன். அதுவும் இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு என்று. ஒரே இடத்தில் இழுத்தால் சூட்டில் தகடு முறுக்கிவிடும்.

ஒரிஜினல் வெறியர்கள் சிலர் இதைப் பார்த்து, இத்தனை வெட்டிய பிறகு இது மைனரா என்றார்கள். இந்தக் காடியை வடிவமைத்த அலெக் இசிகோனிஸே மாதிரிக் காடியை நடுவில் நீளவாக்கில் அறுத்து 4 இஞ்ச் அகலப்படுத்தியவர். பானட்டின் நடுவில் தெரியும் தட்டைப் பட்டை அந்த அறுப்பின் அடையாளம்தான். அவருக்கு இல்லாத கூச்சம் எனக்கு எதற்கு?

ஸ்பிரே கடைத் தவுக்கே (முதலாளி) சுற்றிப் பார்த்துவிட்டு மலாயில், "இனி புக்கான் கெரெத்தா, இனி காராட் பாக்காய் தாயார்" என்றார். இது காடியே இல்லை, டயர் போட்ட துருவாம். சொல்லிவிட்டு நல்ல விலையும் கொடுத்தார்.

பிரேக் மாஸ்டர் சிலிண்டர் டிரைவர் காலடியில், உடம்போடு சேர்ந்த அடிச்சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது, அதன் போல்ட்டைக் கழற்ற, முன் ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பார் குறுக்கே நிற்கும். முன்சக்கரம் திரும்பும் மரை மூட்டான டிரனியனில் கிரீஸ் அடிக்காமல் விட்டால் மரை தேய்ந்து ஒருநாள் சக்கரம் மடங்கிவிடும். இவற்றை வாய் பேசாமல் செய்து முடிக்கவேண்டியதுதான். எலி கடித்த வயரை முழுசாக மாற்றினேன், பாசிட்டிவ் எர்த்தை மட்டும் மாற்றவில்லை. பேட்டரி மாட்ட வந்த தம்பி வழக்கம்போல நெகட்டிவ்வை உடம்பில் வைக்கப் போனான். பிடித்து நிறுத்தியதும், "அங்கள், பழைய காடின்னா கரண்டுகூட தலைகீழா?" என்றான். இப்போது பேட்டரிமேல் சிவப்பு எழுத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

நம் கூட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். பல வருஷமாக ஓர் எஸ்யு கார்புரேட்டரைக் கழற்றுகிறார், துடைக்கிறார், மாட்டுகிறார். அவர் விட்டுவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். அவருக்கு அந்தக் கொட்டகை போதும், ரோடு வேண்டாம். இன்னொருவரும் அவருடைய சிநேகிதரும் சேர்ந்து ஒரு 120ஒய் கட்டினார்கள். சிநேகிதர் வேலை மாறி ஜொகூர் போனார், காடி அன்று நின்ற இடத்தில் நிற்கிறது. முடித்தவர்களிடம் நான் கவனித்தது, அவர்கள் ஒவ்வொரு கட்டத்திலும் எதையாவது வேண்டாம் என்று விட்டிருக்கிறார்கள். நான் எஞ்சின் கனவை விட்டேன், உள்ளே மரப்பலகை டேஷ்போர்டை விட்டேன், கண்ணாடி மாதிரி பெயிண்டை விட்டேன். எதையும் விட மனசில்லாதவர்கள் கடைசியில் காடியையே விடுகிறார்கள்.

சாலை வரி ஒட்டிய பிறகு முதலில் கிராணி அண்ணன் வீட்டுக்குத்தான் ஓட்டிப்போனேன். உட்கார்ந்தார், கதவைச் சாத்தினார், திறந்து மறுபடி சாத்தினார். லிந்தாங் பக்கம் செம்பனைக்கு நடுவில் ஒரு சுற்றுப் போய் வந்தோம். இறங்கி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"பின் கதவு ஒரு நூல் கீழ இருக்குடா."

"இருக்குண்ணே. அப்படியே இருக்கட்டும்."

கொஞ்ச நேரம் காடியைச் சுற்றி வந்தவர், "பீடோர் பக்கம் ஒரு ஆஸ்டின் ஏ40 கெடக்குதாம், கோழிக் கொட்டாயில" என்றார். நான் வாயைத் திறக்கும் முன்பே கையை உயர்த்தினார். "கிராண்டு உயிரோட இருக்கிறவர் பேர்லதான் இருக்கு. மொதல்ல அதத்தான் கேட்டேன்."