முசுறுக்கும் லென்ஸுக்கும் நடுவே எத்தனை சென்டிமீட்டர்?

பூச்சி மாதிரி சின்னதைக் கிட்டப் போய்ப் பெரிதாகப் படமெடுக்கும் மேக்ரோ லென்ஸ் வாங்கலாமா என்று யாராவது கேட்டால் எல்லாரும் முதலில் எடுத்துவிடுவது ‘ஒன்றுக்கு ஒன்று வருமா’ என்ற கணக்கைத்தான். பூச்சி நிஜத்தில் எத்தனை மில்லிமீட்டரோ அத்தனை மில்லிமீட்டரில், கேமராவுக்குள் படம் பதியும் சென்சார் மேல் விழ வேண்டும், அதுதான் ஒன்றுக்கு ஒன்று. நல்ல கணக்குதான். ஆனால் நான் கேட்கச் சொல்வது வேறு: அந்த ஒன்றுக்கு ஒன்று வரும்போது லென்ஸின் மூக்குக்கும் பூச்சியின் மூக்குக்கும் நடுவே எவ்வளவு இடம் மிச்சம் இருக்கும்? இந்தக் கேள்வி எவ்வளவு முக்கியம் என்பதற்கு எங்கள் வீட்டு மாமரமும் என் லுங்கியும் சாட்சி.

கையில் காசில்லாதவர்களுக்கு இந்த உலகத்தில் முதல் வாசல் ரிவர்ஸ் ரிங். சில நூறு ரூபாய்க்கு ஒரு அலுமினிய வளையம், அதை வைத்து கேமராவோடு வந்த 18-55 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸைத் திருப்பி மாட்டிவிட்டால் போதும், எறும்பின் முகத்தில் இருக்கும் முடிகூடத் தெரியும். இதில் வேடிக்கை என்னவென்றால், பெரிதாகத் தெரிய வேண்டும் என்று ஜூமை 55-க்குத் திருப்பினால் சிறிதாகத் தெரியும், 18-க்குத் திருப்பினால்தான் பூதாகரமாகத் தெரியும். எல்லாம் தலைகீழ். அப்பெர்ச்சரை, அதாவது வெளிச்சம் நுழையும் துளையை, மாற்றவும் நேர்வழி கிடையாது. என் கேனானில், லென்ஸை நேராக மாட்டி அப்பெர்ச்சரை வைத்து, எவ்வளவு ஆழம் கூர்மையாக வரும் என்று பார்க்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே, கேமராவை அணைக்காமல் லென்ஸைக் கழற்றினால் அது அப்படியே நிற்கும் என்று ஒரு தில்லாலங்கடி வேலை இருக்கிறது. மூன்று கை இருந்தால் சுலபம்.

ஆனால் இடைவெளி? கேனான் டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் உட்காரும் இடத்துக்கும் சென்சாருக்கும் நடுவே 44 மில்லிமீட்டர். லென்ஸைத் திருப்பிப் போட்டால் கிட்டத்தட்ட அதே தூரத்தில்தான் பூச்சி இருக்க வேண்டும். அதாவது நாலு சென்டிமீட்டர் சொச்சம். இதைப் படிக்கும்போது ஒன்றும் தோன்றாது. மாமரத்து முசுறுக் கூட்டுக்கு நாலு சென்டிமீட்டர் தள்ளி முகத்தை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காரும்போதுதான் தோன்றும்.

முசுறு தெரியாதவர்களுக்கு: இலைகளை இழுத்துப் பிடித்து, தன் புழுவின் வாயில் வரும் நூலாலேயே தைத்துக் கூடு கட்டும் சிவப்பு எறும்பு. கட்டடக் கலைஞன்தான், சந்தேகமில்லை, ஆனால் கோபக்காரன். கடித்துவிட்டு, கடித்த இடத்திலேயே அடிவயிற்றைத் திருப்பி ஃபார்மிக் அமிலத்தையும் பீச்சும். நான் ஃபோகஸ் பிடித்துக்கொண்டிருந்த எறும்பு அசையவே இல்லை, கொம்பை உயர்த்தி லென்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தது, ஆகா என்ன ஒத்துழைப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது என்னைப் பேச்சில் பிடித்து வைத்திருக்க, அதன் சொந்தக்காரர்கள் எல்லாம் கிளை வழியாக லென்ஸுக்கும், லென்ஸ் வழியாகக் கைக்கும், அடிமரம் வழியாக லுங்கிக்கும் வந்து சேர்ந்துவிட்டார்கள். அப்புறம் நடந்ததை மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா முழுதாகப் பார்த்தார். ஒரு கையில் கேமராவை உயர்த்திப் பிடித்தபடி ஒருவன் மாமரத்தைச் சுற்றி ஆடினால் யாருக்குத்தான் பார்க்கத் தோன்றாது. இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை, மகராசி. சிரிக்க மட்டும் செய்கிறார்.

அன்றைய படங்களைக் கணினியில் போட்டுப் பெரிதாக்கிப் பார்க்கும்போது அதில் ஒரு ‘எறும்பு’ கொஞ்சம் தப்பாக இருந்தது. கால்களை எண்ணினால் எட்டு. முன்னங்கால் இரண்டையும் கொம்பு மாதிரி தூக்கிவைத்துக்கொண்டு, நிறம், இடுப்பு, நடை எல்லாவற்றிலும் முசுறு வேடம் போட்ட குதிக்கும் சிலந்தி. இந்த இனத்து ஆணுக்குத் தாடை நீண்டு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், ஒரு முசுறு இன்னொரு முசுறைத் தூக்கிக்கொண்டு போவது போலவே இருக்கும். கடித்தது எது, நடித்தது எது என்று நாலு சென்டிமீட்டரில் எனக்குத் தெரியவில்லை. நடித்ததன் படம்தான் நன்றாக வந்திருந்தது.

அடுத்து, கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் எக்ஸ்டென்ஷன் டியூப். உள்ளே கண்ணாடியே கிடையாது, வெறும் காற்று. 12, 20, 36 மில்லிமீட்டர் என்று மூன்று வளையம் வரும், மூன்றையும் சேர்த்து 68. இதை 50 மில்லிமீட்டர் லென்ஸுக்குப் பின்னால் மாட்டினால் 68-ஐ 50-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள், ஒன்றே கால் மடங்குக்கு மேலேயே பெரிதாகும். காற்றுக்குக் காசு கொடுத்த சந்தோஷத்தில் வீட்டுக்கு வந்தால், வெளிச்சம் பாதிக்கும் மேலே காணாமல் போயிருக்கும், இடைவெளியும் பெரிதாகக் கூடியிருக்காது.

வீட்டுக் கொல்லையில் கறிவேப்பிலைச் செடியை வைத்துத்தான் இதைப் பழகினேன். கறிவேப்பிலையில் முட்டையிடும் கறுப்பு வண்ணத்துப்பூச்சி ஒன்று உண்டு, அதன் புழு சின்ன வயதில் அச்சு அசல் பறவை எச்சம் மாதிரியே இருக்கும், பறவைகள் தொடாமல் இருக்க அது போடும் வேடம். பறவைகள் ஏமாறுகிறதோ இல்லையோ, அம்மா ஏமாந்துவிட்டார்.

“ஏண்டா கண்ணு, காக்கா எச்சத்தைப் போயா இம்புட்டு நேரம் போட்டோ புடிக்கறே?”

“எச்சமில்லம்மா, புழு.”

“புழுவா! அந்தச் செடியிலதான் நேத்து சட்னிக்குத் தாளிக்கப் பறிச்சேன்.”

அதோடு வீட்டில் இரண்டு கட்சி. செடியில் பாதி புழுவுக்கு, பாதி சமையலுக்கு என்று ஒப்பந்தம் ஆனது. புழு வளர்ந்து பச்சையாகிக் கொழுத்த பிறகு, படத்துக்கு முகம் காட்டட்டும் என்று ஒரு குச்சியால் லேசாகத் தொட்டேன். தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக, பாம்பு நாக்கு போல இரண்டாகப் பிளந்த ஒன்றை வெளியே நீட்டியது. கூடவே ஒரு நாற்றம். டியூப் மாட்டிய லென்ஸின் முனையில் மூக்கை வைத்திருந்தவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று உங்கள் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன். எதிரியை விரட்ட அது வைத்திருக்கும் ஏற்பாடு, விரட்டியது.

கொஞ்சம் கௌரவமான தூரம் வேண்டும் என்றால் ரேனாக்ஸ் 250 மாதிரி முன்னால் கவ்விக்கொள்ளும் கண்ணாடி நல்லது. 8 டயாப்டர் சக்தி (மூக்குக்கண்ணாடிக்குச் சொல்லும் ‘பவர்’தான்), அதனால் அடியில் எந்த ஜூம் லென்ஸ் இருந்தாலும் அதன் ஃபோகஸ் முடிவிலியில் இருக்கும்போது பூச்சி நிற்க வேண்டிய தூரம் சுமார் 12 சென்டிமீட்டர். ஜூமை 250 மில்லிமீட்டரில் வைத்தால் நிஜ அளவைப்போல இரண்டு மடங்கு. என்னைக் கேட்டால் தொடங்குகிறவர்களுக்கு இதுதான் உத்தமம், ரிவர்ஸ் ரிங்கைப் பரிந்துரைப்பவர்களுக்கு முசுறு கடித்ததில்லை.

கடைசியில் செகண்ட் ஹேண்டில் ஒரு 100 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸ் வாங்கினேன், முப்பதாயிரத்துக்குப் பக்கம் ஆனது. கடைக்காரர் “30 சென்டிமீட்டர் தள்ளி நின்னே எடுக்கலாம் சார்” என்றார். உண்மைதான், ஆனால் அந்த 30 சென்டிமீட்டர் அளக்கப்படுவது சென்சாரிலிருந்து. அதில் கேமராவும் லென்ஸும் போக, முன்கண்ணாடியிலிருந்து மிச்சம் 14, 15 சென்டிமீட்டர்தான். பரவாயில்லை, நாலுக்கு இது சொர்க்கம். இந்த மாதிரி லென்ஸ்கள் பூச்சிக்காகவே பிறந்தவை என்று நினைத்துவிடாதீர்கள். 1956-இல் நிக்கான் வெளியிட்ட முதல் மைக்ரோ நிக்கோர், காகிதத்தில் இருக்கும் ஜப்பானிய எழுத்துகளை மைக்ரோஃபிலிமில் துல்லியமாகப் பிரதி எடுக்க வந்தது. காகிதம் தட்டையானது, ஓடாது, கடிக்காது. கொடுத்துவைத்தவர்கள்.

நமக்கு வாய்த்ததோ தட்டையும் இல்லை, நிற்பதும் இல்லை. ஒன்றுக்கு ஒன்றில் அப்பெர்ச்சரை f/11-க்குச் சுருக்கி வைத்தால் என் கேமராவில் கூர்மையாகத் தெரியும் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. கண் கிடைத்தால் கால் போகும், இறக்கை கிடைத்தால் தலை போகும். ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடித் தேடி, கிர்ர் கிர்ர் என்று சத்தம் போட்டு, பூச்சியை ஊரைவிட்டே அனுப்பிவிடும். அதை அணைத்துவிட்டு, ஃபோகஸ் வளையத்தைத் தொடாமல், உடம்பை முன்னும் பின்னும் நூலளவு ஆட்டிக்கொண்டே பட்டனை அழுத்த வேண்டும். துளையை இன்னும் சுருக்கி f/22 வைத்தால் ஆழம் கூடுமே என்றால், ஒன்றுக்கு ஒன்றில் லென்ஸ் அதை f/44 போல நடத்தும், படம் முழுக்கக் கூர்மை போய்ச் சோர்ந்துபோகும். வெளிச்சத்துக்கு ஃபிளாஷ் வேண்டும், அதை மென்மையாக்க ஃபிளாஷுக்கு முன்னால் பட்டர் பேப்பர் வேண்டும், பட்டர் பேப்பர் சமையலறையில் இருக்கிறது, சமையலறையில் அம்மா இருக்கிறார்.

ஆக, அந்தச் சாமான்களோடு கோவை வடவள்ளி பக்கம் ஒரு காலி மனையில், எருக்கஞ்செடிக்கு முன்னால் குப்புறப் படுத்திருந்தேன். விடிகாலை, பூச்சிகளுக்குக் குளிர் விட்டிருக்காது, அசையாது, அதுதான் நேரம். இலை நுனியில் ஒரு குதிக்கும் சிலந்தி. இந்தச் சிலந்தியிடம் ஒரு நல்ல பழக்கம், லென்ஸைக் கண்டால் ஓடாமல் திரும்பிப் பார்க்கும். முன்னால் இருக்கும் பெரிய கண்கள் இரண்டிலும் என் ஃபிளாஷின் பட்டர் பேப்பர் சதுரமாகத் தெரிகிற அளவுக்கு வந்துவிட்டேன். பின்னால் டிவிஎஸ் 50 ஒன்று வந்து நின்றது.

“ஏனுங் தம்பி, சாவிங்களா?”

மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. பெரியவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு வண்டியை ஸ்டாண்டு போட்டு, காலால் புல்லை விலக்கித் தேட ஆரம்பித்தார். பால் கேனோடு போன இன்னொருவர் நின்று, “என்னங்ணா, நகைங்களா?” என்றார். “தெரியலீங், பெரிய சாமானாட்டம் இருக்குது, தம்பி பேசவே மாட்டேங்குது.” அவரும் கேனை இறக்கி வைத்தார். வாக்கிங் வந்த ஒருவர் தள்ளி நின்றபடி, மாநகராட்சியிலிருந்து கொசுப்புழு பார்க்க வந்திருப்பார்கள், எங்கள் தெருவிலும் தண்ணீர் நிற்கிறது என்று என் முதுகிடம் புகார் கொடுத்தார்.

வேறு வழியில்லாமல் எழுந்து, கேமராவின் திரையில் படத்தைக் காட்டினேன். பால்காரர் “இதுக்கா!” என்று கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பெரியவர் மட்டும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“இதுக்கு எத்தனை கண்ணுங்?”

“எட்டுங்கய்யா.”

“எட்டு இருந்துமா உங்ககிட்ட மாட்டுச்சு?”

அப்புறம் கொஞ்சம் யோசித்து, வலது கட்டைவிரலை நீட்டினார். வேலிமுள் ஏறி உள்ளே ஒடிந்து கிடக்கிறதாம், வீட்டில் யார் கண்ணுக்கும் தட்டுப்படவில்லையாம். என் சென்சாரின் அகலம் 22 மில்லிமீட்டர் சொச்சம், ஒன்றுக்கு ஒன்றில் வைத்தால் ஒரு கட்டைவிரல் ஃபிரேமை அடைத்துக்கொள்ளும். வண்டி சீட்டில் கையை வைக்கச் சொல்லி, உடம்பை முன்னும் பின்னும் ஆட்டி வரிசையாக எடுத்தேன். அவர் கை நடுங்கியது, என் கையும்தான். ஒரே ஒரு படத்தில் ரேகைக் கோடுகளுக்கு நடுவே கறுப்பாக, சாய்வாக, முள் பளிச்சென்று தெரிந்தது. திரையைப் பார்த்துக்கொண்டே அரைஞாணில் தொங்கிய ஊக்கை எடுத்து அவரே லாகவமாக நெம்பினார், வந்துவிட்டது.

முள்ளை ஊதிவிட்டு லென்ஸைப் பார்த்தார். “இது என்ன வெலைங்?”

சொன்னேன்.

“ஊக்கு ரெண்டு ரூவாதாங்” என்று சொல்லிவிட்டு வண்டியை மிதித்தார்.