முதல் வீடு: வெட்டியதும் விட்டுக்கொடுக்காததும்

சென்னையில் குரோம்பேட்டை, சிட்லபாக்கம் பக்கம் இரண்டு பெட்ரூம் ஃபிளாட், 60 லட்சத்துக்குள். இப்படித்தான் தேட ஆரம்பித்தோம். பேங்கில் உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் விஷயம் உறைத்தது. 30 முதல் 75 லட்சம் வரையான கடனுக்கு வீட்டு மதிப்பில் 80 சதவீதம் வரைதான் தருவார்கள். 48 லட்சம் அவர்களுடையது, 12 லட்சம் நம்முடையது. பழைய ஃபிளாட் என்றால் முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். அந்த 5 லட்சத்து 40 ஆயிரமும் நம் கையிலிருந்துதான். பதினேழரை லட்சம் ரொக்கம் இல்லாமல் 60 லட்சம் வீட்டைத் தொட முடியாது. ஆசைகளில் பாதி அன்றே உதிர்ந்தன.

மீதிப் பாதிக்குத்தான் சண்டை. கணவருக்கு நீச்சல் குளம் உள்ள கேட்டட் கம்யூனிட்டி. அத்தைக்குக் கிழக்கு வாசல், பூஜை அறை. எனக்கு மாடுலர் கிச்சன், பெரிய பால்கனி. மாமா எதுவும் கேட்கவில்லை. அவருக்கு மூட்டு வலி.

நான் ஒரே கேள்வி வைத்தேன்: வாங்கிய பிறகு காசு போட்டு இதை மாற்ற முடியுமா? முடியும் என்றால் இப்போது வேண்டாம். கிச்சன், டைல்ஸ், ஃபால்ஸ் சீலிங் எல்லாம் அதில் போயின. லிஃப்ட் மட்டும் பட்டியலில் நின்றது. லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி நல்ல மலிவாக வந்தது, மாமாவும் "நான் ஏறிடுவேன்" என்றார். விட்டுவிட்டோம். குளத்தில் யார் குளித்தாலும் குளிக்காவிட்டாலும் மெயின்டனன்ஸ் மாதாமாதம் வரும் என்றதும் கணவர் இறங்கி வந்தார்.

அத்தை மடக்கினார். "வாசலை மட்டும் மாத்த முடியுமா?" என் கேள்விப்படி அதுவும் தேவைதான்! தெற்கு வாசல் மட்டும் வேண்டாம் என்று சமரசம். பூஜைக்கு ஹாலில் ஒரு அலமாரி.

தண்ணீர் விஷயத்தில் சமரசமே இல்லை. 2015 வெள்ளத்தில் எதுவரை ஏறியது என்று புரோக்கரிடம் கேட்டுப் பயனில்லை, தெருமுனை இஸ்திரிக்காரரிடம் கேட்க வேண்டும். புத்தம் புது ஃபிளாட் ஒன்றை அப்படித்தான் கைவிட்டோம். ரோட்டை உயர்த்தி உயர்த்தி, கார் பார்க்கிங் பள்ளத்தில் கிடந்தது. 2019 தண்ணீர்ப் பஞ்சத்தில் எத்தனை லாரி தண்ணீர் வாங்கினீர்கள் என்று குடியிருப்பவர்களிடமும் கேட்டோம். முகத்தைப் பார்த்தாலே பதில் தெரியும்.

கடைசியில் வாங்கியது ஸ்டில்ட், அதாவது தூண்கள் நிற்கும் கார் பார்க்கிங் தளம், அதன் மேல் மூன்று மாடி, லிஃப்ட் உண்டு, பழைய கட்டிடம். 900 சதுர அடி என்றார்கள், கதவுக்குள் அளந்தால் 680தான். ஆனால் யுடிஎஸ், அதாவது நிலத்தில் நம் பங்கு, 450. நாளைக்குக் கட்டிடத்தை இடித்துக் கட்டினால் அந்த மண்தான் பேசும். புது அடுக்குமாடிகளில் பார்த்ததெல்லாம் இதற்கு மிகக் குறைவு. தாய்ப்பத்திரம் (சொத்தின் பழைய மூலப் பத்திரம்), வில்லங்கச் சான்றிதழ், சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அனுமதி எல்லாவற்றையும் வக்கீல் பார்த்துச் சரி என்ற பிறகே அட்வான்ஸ் கொடுத்தோம். அதில் வீட்டில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

சமையலறையில் இன்னும் கடப்பாக்கல் அலமாரிதான். அடுத்த போனஸில் மாடுலர் கிச்சன் என்கிறேன் நான், முதலில் வாசலுக்குக் கம்பிக் கதவு என்கிறார் மாமா. அவர் வாய் திறந்து கேட்டதே இது ஒன்றுதான் என்பதால் எப்படி மறுப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.