கவுன்சலிங் கிடைத்துவிட்டது, லீவு வாங்குவதற்குள்தான் போதும் போதும் என்றாகிவிட்டது

மனநலக் காரணத்துக்காக மருத்துவ விடுப்பு போடப் போகிற ஆண்கள் யாராவது இருந்தால், சான்றிதழைக் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

டாக்டரிடம் ஒரு சிக்கலும் இல்லை. தூக்கம் கெட்டது, எதற்கெடுத்தாலும் எரிச்சல், கழுத்து வலி என்றுதான் போனேன். ஆண்களுக்கு மனச்சோர்வு இப்படிக் கோபமாகவும் உடம்பு வலியாகவும் வருவது சகஜம்தான் என்றார். மனச்சோர்வு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிற பி.எச்.கியூ-9 என்ற கேள்வித்தாளை நிரப்பச் சொன்னார்கள்: கடந்த 2 வாரத்தைப் பற்றி 9 கேள்விகள், மொத்தம் 27 மார்க். கடைசிக் கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வருகிறதா என்பது. அதற்கு உங்கள் பதில் ‘இல்லவே இல்லை’ என்பதைத் தவிர வேறு எதுவாக இருந்தாலும் லீவு, ஃபார்ம் எல்லாம் அப்புறம், அன்றைக்கே டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

வினை சான்றிதழில் இருந்தது. நோயின் பெயரை முழுசாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். எச்.ஆரில் வாங்கிப் பார்த்தவர், “டிப்ரஷனா? உங்களுக்கா? நல்லாத்தானே இருக்கீங்க!” என்றார், எனக்குப் பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி. நவம்பர் 19, ஆண்கள் தினத்தன்று ‘மனம் விட்டுப் பேசுங்கள்’ என்று எல்லாருக்கும் மெயில் போட்டதும் இதே எச்.ஆர்.தான். சரி, போர்ட்டலில் போட்டுக்கொள்ளலாம் என்று போனால் காரணம் கேட்கிற இடத்தில் காய்ச்சல், விபத்து, அறுவை சிகிச்சை, மற்றவை, இவ்வளவுதான். ‘மற்றவை’ கொடுத்தால் விளக்கம் எழுதியே ஆக வேண்டும், எழுதினால் அது அப்படியே மேனேஜருக்கு மெயிலாகப் போய்விடும்.

திரும்பவும் டாக்டரிடம் போய், ‘மருத்துவக் காரணங்களால் இந்தத் தேதி வரை பணிக்கு வர இயலாது’ என்று மட்டும் எழுதி வாங்கினேன். கேட்டால் பெரும்பாலும் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். நோயின் பெயர் இல்லாமல் எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று எச்.ஆர். இழுத்தது. எந்த விதியில் அப்படி இருக்கிறது என்று மெயிலில் கேட்டேன். பதிலே வரவில்லை, ஆனால் மறுநாள் காலையில் லீவு ஓகே ஆகியிருந்தது! வாயால் சண்டை போடாதீர்கள், எழுதிக் கேளுங்கள்.

கம்பெனி தருகிற இலவச கவுன்சலிங்குக்கு எச்.ஆரைச் சுற்றத் தேவையே இல்லை, கவுன்சலிங் சேவையின் எண்ணுக்கு நேரடியாகப் போன் செய்தால் போதும். முதல் அழைப்பிலேயே, கம்பெனிக்கு என்ன தகவல் போகும், எத்தனை அமர்வு இலவசம், கவுன்சலரை மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டுவிடுங்கள். வழக்கமாக எத்தனை பேர் பயன்படுத்தினார்கள் என்ற எண்ணிக்கைதான் போகும், பெயர் போகாது. உயிருக்கு ஆபத்து என்பது போன்ற சில நேரங்கள் விதிவிலக்கு. எனக்கு வேலை நேரத்தில்தான் இடம் கிடைத்தது. ஆபீஸில் காலியாக இருந்த ஒரே மீட்டிங் அறைக்குக் கண்ணாடிச் சுவர், வெளியே மொத்த டீமும். முதல் அமர்வு முழுக்க புராஜெக்ட் பேசுகிற முகத்தை வைத்துக்கொண்டே ஓட்டினேன். பிடிவாதமாகக் கேட்டதும் மாலை நேரத்துக்கு மாற்றிக் கொடுத்தார்கள், அதற்குப் பிறகுதான் உருப்படியாகப் பேச முடிந்தது.

மேனேஜர், “எல்லாருக்கும் இருக்கிறதுதான்பா, ஜிம்முக்குப் போ” என்றார். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட பணியிட மனநல வழிகாட்டுதலில் மேலாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்லியிருப்பது சும்மா இல்லை. பக்கத்து சீட்டுக்காரர் அறிவுரையே சொல்லவில்லை, “வெள்ளிக்கிழமை ரிப்போர்ட்டை நான் பார்த்துக்கிறேன், நீங்க கிளம்புங்க” என்றார். உங்கள் டீமில் யாராவது என்னைப் போலத் தவித்தால் அந்த மாதிரி ஏதாவது ஒரு வேலையை அவர் கையிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், அதுவே பெரிய உதவி.

திரும்பி வரும்போது கொஞ்ச நாள் அரை நாள் வேலை கேட்பதாக இருந்தால், எந்த வேலை யாருக்குப் போகிறது என்பதையும் சேர்த்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு வாயால் சொன்னதோடு சரி. சம்பளம் அரை நாளுக்குப் பிடித்தார்கள், வேலை முழுசாக வந்தது. அதற்கான மெயில் இன்னும் எச்.ஆரிடம் கிடக்கிறது.