முழங்கால் வலிக்காமல் மைசூர் போய் வர

பெங்களூரிலிருந்து மைசூருக்கு ஒன்றரை மணி நேரம்தான் என்று யாராவது சொன்னால், அவர் ஊரின் மைசூர்ப் பக்கத்து ஓரமான கெங்கேரியிலிருந்து கணக்குப் போடுகிறார் என்று அர்த்தம். எங்கள் வீடு அல்சூரில். சனிக்கிழமை விடியற்காலையில்கூட கெங்கேரி போய்ச் சேர முக்கால் மணி ஆகும். சாயங்காலம் திரும்பி வரும்போது நாயண்டஹள்ளி சிக்னலில் நிற்கிற நேரத்தை எந்த மேப்பும் சரியாகச் சொன்னதில்லை. அதனால் ஒரே நாளில் போய் வரும் திட்டத்தை மைசூரில் என்ன பார்ப்பது என்பதிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். பெங்களூரை விட்டு எப்போது வெளியே வருவது, எப்போது உள்ளே நுழைவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

இந்தத் தடவை ஸ்ரீரங்கத்திலிருந்து சித்தி வந்திருந்தாள். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் மாற்றியாகிவிட்டது. சித்திக்கு மாற்றச் சொல்லியிருக்கிறார்கள், அவள் தைலத்தை வைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறாள். "ஆதிரங்கத்தைப் பார்க்காம ஊருக்குப் போனா பெருமாள் கோவிச்சுப்பார்" என்று அவள் ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோயிலைச் சொன்னதும் என் கணவர் பேப்பரை எடுத்துப் பட்டியல் போட்டார். ரங்கனதிட்டு, ஸ்ரீரங்கப்பட்டணம், அரண்மனை, மிருகக்காட்சி சாலை, சாமுண்டி மலை, பிருந்தாவனம், முடிந்தால் நஞ்சன்கூடு. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்துவிட்டு, "மாப்பிள்ளை நம்மளை முடிச்சுடுவார் போலிருக்கே" என்றாள்.

பட்டியலில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டேன். ஸ்ரீரங்கப்பட்டணம், அரண்மனை. வயதானவர்களோடு போனால் ஒரு நாளைக்கு இரண்டு இடம்தான் என் கணக்கு. மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தால் மூன்றையுமே காரிலிருந்து எட்டிப்பார்ப்பதாகத்தான் முடியும்.

அடுத்தது ரோடு. 2023 மார்ச்சில் திறந்த எக்ஸ்பிரஸ்வே கிட்டத்தட்ட 118 கிலோமீட்டர். நடுவில் ஆறு வழி, இரண்டு பக்கமும் இரண்டிரண்டு வழியாக சர்வீஸ் ரோடு. பிடதி, ராமநகரம், சென்னபட்டணம், மத்தூர், மண்டியா, ஸ்ரீரங்கப்பட்டணம் என்று முன்பு ஊர் ஊராக நின்று போன அத்தனை இடங்களையும் அது ஒதுக்கிவிட்டுப் போகிறது. வேகத்துக்கு அது சரிதான். ஆனால் மேலே ஏறிவிட்டால் இரண்டு பக்கமும் வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் காபிக் கடை கண்ணுக்குத் தெரியும், போக வழி இருக்காது. "ஏன்டி, கொஞ்சம் நிறுத்தேன்" என்று பின் சீட்டிலிருந்து குரல் வந்தால், இறங்கும் வழி வரும்வரை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். இளவட்டங்களுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டில்லை. எழுபது வயதுக்காரிக்கு அந்தப் பதினைந்து நிமிடம்தான் முழுப் பயணமும்.

ஆகவே இந்த ரோட்டில் எங்கே நிற்கப்போகிறோம் என்பதை வீட்டிலேயே முடிவு செய்தாக வேண்டும். போகும்போது பிடதி, பிறகு ஸ்ரீரங்கப்பட்டணம். வரும்போது மத்தூர், சென்னபட்டணம். நான்கு இடத்திலும் உட்கார நாற்காலி உண்டு, சாப்பிட ஏதாவது உண்டு, ஓரளவு சுத்தமான கழிப்பறையும் உண்டு. இந்திய பாணிக் கழிப்பறையில் அம்மாவால் உட்கார முடியாது. அதனால் புது இடம் என்றால் கணவர் முதலில் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டுத் தலையசைப்பார். அதற்கப்புறம்தான் நாங்கள் சீட் பெல்ட்டைக் கழற்றுவோம்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வழியில் இறங்க வேண்டி வருமே என்று நம் வீட்டுப் பெண்கள் முந்தின ராத்திரியிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். வெயிலில் அரண்மனை வாசலில் தலைசுற்றலாக அது வந்து நிற்கும். அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரையில் நீர் பிரியச் செய்கிற மருந்தும் இருக்கிறது. பயண நாளில் எத்தனை மணிக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று டாக்டரிடம் முன்னாடியே போனில் கேட்டு வைத்தோம். நாமாகவே மாத்திரையைத் தள்ளிப்போடக் கூடாது. மணிக்கு ஒரு தடவையாவது எழுந்து நாலடி நடக்கச் சொல்லுங்கள் என்று பிசியோதெரபிஸ்ட் ஏற்கெனவே சொல்லியிருந்தார். எங்கள் நிறுத்தங்கள் ஏறக்குறைய அந்தக் கணக்குக்கே வந்துவிட்டன.

கார் விஷயத்தில் என் அபிப்பிராயம் பலருக்குப் பிடிக்காது. பெரிய உயரமான வண்டி வயதானவர்களுக்குச் சொகுசு என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏறுவதே அவர்களுக்கு மலையேற்றம். ரொம்பத் தாழ்ந்த வண்டி என்றால் எழுந்திருக்க முடியாது. நடுத்தர உயரத்தில் சாதாரண ஹேட்ச்பேக், முன் சீட்டைக் கடைசி வரை பின்னால் தள்ளி அம்மாவுக்கு, அவளுக்குப் பின்னால் காலை மடக்கிக்கொண்டு என் தம்பி. பூஜை அறையிலிருந்த சின்ன முக்காலி டிக்கியில் வந்தது. சித்தி அதைக் கோயில், அரண்மனை, வடைக் கடை என்று எங்கும் விடவில்லை.

தம்பி இருப்பது ஒயிட்ஃபீல்டில். அவனைக் கூட்டிவர நாங்கள் கிழக்கே போய்விட்டு மேற்கே திரும்பினால் கிளம்புமுன்பே களைத்துவிடுவோம். மெட்ரோவின் பர்ப்பிள் லைன் 2023 அக்டோபரிலிருந்து ஒயிட்ஃபீல்டையும் கெங்கேரியைத் தாண்டிய செல்லகட்டாவையும் ஒரே வண்டியில் இணைக்கிறது. காலை ஐந்து மணிக்கு முதல் வண்டி ஏறியவன் ஆறரைக்குள் கெங்கேரி ஸ்டேஷன் வாசலில் நின்றான். ஊருக்குக் குறுக்கே இருப்பவர்கள் எல்லாரும் இப்படிச் செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இது நடக்காது, அன்றைக்கு முதல் வண்டியே ஏழு மணிக்குத்தான். நாங்கள் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்ததற்கு அது ஒரு காரணம். ஞாயிறு சாயங்காலம் மைசூர் ரோடு முழுக்க ஊர் திரும்புகிறவர்களாக இருக்கும் என்பது இன்னொன்று. (எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் இருப்பவர்கள் ஊருக்குள் வரவே வேண்டாம். நைஸ் ரோட்டைப் பிடித்தால் நேரே மைசூர் ரோட்டில் இறக்கிவிடும், டோல் தனி.) தம்பி முதலில் புல்லட்டில் பின்னாலேயே வருகிறேன் என்றுதான் அடம்பிடித்தான். 2023 ஆகஸ்டிலிருந்து எக்ஸ்பிரஸ்வேயின் நடு வழியில் பைக்குக்கும் ஆட்டோவுக்கும் அனுமதி இல்லை. சர்வீஸ் ரோட்டிலேயே மைசூர் வரை போ என்றதும் அடங்கிவிட்டான்.

கெங்கேரி தாண்டி உடனே மேலே ஏறாமல் பழைய ரோட்டிலேயே பிடதி வரை போனோம். தட்டு இட்லி. தட்டில் ஊற்றி வேகவைத்த, உள்ளங்கையைவிட அகலமான இட்லி, மேலே ஒரு கட்டி வெண்ணெய், பக்கத்தில் சட்னி. "சாம்பார் எங்கே?" என்று சித்தி கேட்டாள். அது வருவதற்குள் ஒன்றை முடித்துவிட்டு இரண்டாவதைச் சொல்லியிருந்தாள். அங்கிருந்து எக்ஸ்பிரஸ்வே. வேக வரம்பு 100, வழியெங்கும் கேமரா. 90-ல் இடது பக்கமாகப் போனால் பின் சீட்டில் தூங்குகிறவர்கள் தூங்கலாம். ராமநகரத்துப் பாறை மலைகள் வரும்போது மட்டும் எழுப்பிவிடுங்கள்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஒன்பதுக்கெல்லாம் இருந்தோம். காவிரித் தீவுகளில் பெருமாள் பள்ளிகொண்ட மூன்று ரங்கங்களில் இதுதான் ஆதி. சிவனசமுத்திரம் மத்திய ரங்கம், நம்முடைய ஸ்ரீரங்கம் அந்திய ரங்கம். சித்தி நெடுநேரம் நின்று பார்த்துவிட்டு, "எங்க பெருமாள் இன்னும் கொஞ்சம் நீளம்" என்று என் காதில் சொன்னாள். கோயிலுக்குள் தரை சமதளம்தான், முழங்கால்காரர்களுக்குச் சிரமமில்லை. மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலையில் போவதுதான் புத்திசாலித்தனம்.

அங்கேயே திப்புவின் கோடைக்கால மாளிகை, தரியா தௌலத் பாக். 1784-ல் கட்டியது, பெரும்பாலும் தேக்கு. கோயிலுக்கு வருகிற நம்மவர்கள் பலர் இதைத் தவறவிட்டுவிடுகிறார்கள். மேற்குச் சுவர் முழுக்க ஒரு போர்க் காட்சி தீட்டியிருக்கிறது. 1780-ல் ஹைதரும் திப்புவும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் பெய்லி படையைத் தோற்கடித்த பொள்ளிலூர்ப் போர். அது வேறெங்கும் இல்லை, காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலுள்ள புள்ளலூர்தான். யானை, குதிரை, பல்லக்கில் உட்கார்ந்து விரலைக் கடித்துக்கொண்டிருக்கும் பெய்லி என்று ஒவ்வொன்றாகக் காட்டக் காட்ட, முக்காலியில் உட்கார்ந்தபடி இருவரும் பார்த்தார்கள். அன்றைக்கு நாங்கள் அதிக நேரம் நின்ற இடம் இதுதான், திட்டத்தில் அதற்கு நான் ஒதுக்கியிருந்ததோ கால் மணி.

மைசூர் அங்கிருந்து பதினைந்து கிலோமீட்டர்தான். அரண்மனையைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். 1897-ல் பழைய மர அரண்மனை எரிந்துபோக, ஹென்றி இர்வின் வடிவமைத்து 1912-ல் இது முடிந்தது. நம் சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்திலும் அவர் கை உண்டு. பயணத் திட்டத்துக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன். வராக வாசல் வழியாகத்தான் உள்ளே விடுகிறார்கள், வண்டி நிறுத்துமிடத்திலிருந்து நடை கொஞ்சம் அதிகம். ஆகையால் பெரியவர்களை வாசலில் இறக்கிவிட்டு ஒருவர் மட்டும் காரைக் கொண்டுபோய் நிறுத்தட்டும். செருப்பை வெளியே விட வேண்டும். உச்சி வெயிலில் வெறுங்காலோடு அந்தக் கல்தரையில் நடப்பது தண்டனை, பையில் கனமான சாக்ஸ் இருக்கட்டும். உள்ளே நுழைந்ததும் வரும் பொம்மைத் தொட்டி என்கிற பொம்மைக் கூடம் அம்மாவையும் சித்தியையும் கட்டிப்போட்டுவிட்டது. நவராத்திரிக்கு ஒன்பது படி வைக்கிறவர்களிடம் ராஜ வீட்டு கொலுவைக் காட்டினால் வேறென்ன நடக்கும்? கல்யாண மண்டபத்தின் மயில் கண்ணாடிக் கூரைக்கு அண்ணாந்து பார்க்கக் கழுத்து வேண்டும், அதற்குள் களைத்திருந்தார்கள்.

மதியம் சாப்பாடு முடிந்ததும் கணவர், "மலைக்குக் காரே போகும், ஒரு எட்டு..." என்று ஆரம்பித்தார். கார் போகும்தான். ஆனால் மலைக்கோயிலிலும் பிற்பகலில் கொஞ்ச நேரம் நடை சாத்துவார்கள், திறக்கும்வரை காத்திருந்தால் பெங்களூரில் ராத்திரி பத்து மணி. அதற்குப் பதில் தேவராஜ மார்க்கெட்டில் அரை மணி கொடுத்தேன். மைசூர் மல்லிகை, வெற்றிலை, குங்குமக் குவியல். இதில் அவர்களுக்கு முழங்கால் ஞாபகமே வரவில்லை.

மூன்றரைக்குக் கிளம்பி, மத்தூருக்கு முன்னால் எக்ஸ்பிரஸ்வேயிலிருந்து இறங்கி, அங்கிருந்து சென்னபட்டணம் வரை சுமார் 20 கிலோமீட்டர் பழைய ரோட்டிலேயே வந்தோம். நேரம் கொஞ்சம் கூடுதல், மனசுக்கு நல்லது. மத்தூர் வடையில் ரவை, மைதா, அரிசி மாவு, நிறைய வெங்காயம். உளுந்து கிடையாது. ரயில் நிலையத்தில் பக்கோடா போட நேரமில்லாமல் மாவைத் தட்டிப் பொரித்ததில் பிறந்தது என்று கதை சொல்வார்கள். காபியோடு சாப்பிட்டால் அடுத்த ஒரு மணிக்கு யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

சென்னபட்டணத்தில் கொலுவுக்கு மரச் செப்புச் சாமான் வாங்க வேண்டும் என்பது சித்தியின் திட்டம், அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கடைக்குப் பின்னாலேயே பட்டறை இருந்தால் பார்க்கக் கேளுங்கள், காட்டுவார்கள். வெட்பாலை மரத்தைக் கடைசலில் சுழலவிட்டு அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துகிறார்கள். உராயும் சூட்டிலேயே அரக்கு உருகிப் படிகிறது, அதன்மேல் தாழை ஓலையை வைத்துத் தேய்த்தால் பளபளப்பு. ரோடு ஊரை ஒதுக்கிப் போனபின் நின்று வாங்குகிறவர்கள் குறைந்துவிட்டதாகக் கடைக்காரர் சொன்னார். சித்தி அதைக் கேட்டும் பேரத்தைக் குறைத்துக்கொள்ளவில்லை.

ஏழு மணிக்குத் தம்பியைக் கெங்கேரி மெட்ரோவில் இறக்கிவிட்டோம். நாங்கள் நாயண்டஹள்ளியைத் தாண்டி அல்சூர் வந்து சேரும்போது அவன் ஒயிட்ஃபீல்டு பக்கம் போயிருந்தான்.

நாள் குறிக்கும்போது இன்னும் சில விஷயங்களைப் பாருங்கள். தசரா நாட்களிலும் நீண்ட வார இறுதிகளிலும் இந்தத் திட்டம் வேலை செய்யாது. சாமுண்டி மலையைச் சேர்ப்பதாக இருந்தால் ஆஷாட வெள்ளிகளைத் தவிருங்கள், கன்னடர்களின் ஆஷாடம் நம் ஆடிக்கு முன்னாடியே தொடங்கிவிடும். காவிரித் தண்ணீர்ப் பேச்சு சூடாக இருக்கும் வாரங்களில் மண்டியாவில் மறியல் உண்டா என்று காலைச் செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், தமிழ்நாட்டு நம்பர் பிளேட் என்றால் கட்டாயம். அப்புறம் அரண்மனை விளக்குகள். ஞாயிறும் அரசு விடுமுறை நாட்களும் மாலை ஏழு மணிக்கு மேல் முழுக் கட்டடத்துக்கும் விளக்கேற்றுவார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன் என்றால் வீடு வர நள்ளிரவு நெருங்கிவிடும். அதற்கு மைசூரில் ஒரு அறை போட்டுவிட்டு, மறுநாள் காலை மலைக்கும் போய்விட்டு வாருங்கள்.