முப்பது நொடி மூச்சு

பொள்ளாச்சி, கோபி பக்கம் பிள்ளையைக் கபடியில சேர்த்துவிட்டீங்களா? வீட்டுல ஒரு ஸ்டாப்வாட்ச் வெச்சுக்குங்க.

ரெய்டுக்கு, அதாவது "கபடி, கபடி"ன்னு ஒரே மூச்சுல பாடிக்கிட்டே எதிரணிப் பக்கம் போய்த் தொட்டுட்டு வர்றதுக்கு, 30 நொடி. பிள்ளைக முதல் அஞ்சு நொடியிலயே கத்தித் தீர்த்துடுதுக. பாதியில மூச்சு விட்டுப்போய் அவுட். நடுவர் காதுல தெளிவா விழுந்தாப் போதும். 15 நொடியில ஆரம்பிச்சு, வாரம் 5 நொடி ஏத்துங்க. நீங்களும் சேர்ந்து பாடுங்க. அப்பனுக்கு முதல்ல மூச்சு முட்டுறதைப் பார்த்த பிள்ளைக்குத் தோக்குற பயம் குறையும்.

நடுக்கோட்டைத் தாண்டுறதுக்கு முன்னாடியே பாட்டு தொடங்கணும். பிந்தினா எதிரணிக்கு ஒரு புள்ளி.

முந்தின ராத்திரியே நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்க. உடம்புல எண்ணெய் கூடாது, ரெண்டும் விதி. அப்பத்தாகிட்டயும் சொல்லி வெச்சிருங்க.

வெளியே நின்னு "புடி, புடி"ன்னு கத்தாதீங்க. தடுக்குற ஏழு பேரும் ஒருத்தர் குரலை ஒருத்தர் கேட்டுத்தான் சேர்ந்து பாய்வாங்க. உங்க சத்தத்துல ஒருத்தன் முந்திப் பாய்ஞ்சா சங்கிலி அறுந்துரும்.

தோத்து வந்தா, வண்டியில "ஏன் கண்ணு விட்டே?"ன்னு ஆரம்பிக்க வேண்டாம். தண்ணி குடுத்துட்டு, கணுக்காலைப் பாருங்க. வீங்கியிருந்தா துணியில சுத்தின ஐஸ் 15 நிமிஷம், காலைத் தலகாணி மேல தூக்கி வையுங்க. தைலம் போட்டு நீவினா வீக்கம் கூடும். ஊனி நாலு எட்டு நடக்க முடியலைன்னா அன்னிக்கே எக்ஸ்ரே எடுத்துருங்க.