சிங்கப்பூரில் ஜெயித்த வழக்குக்குச் சென்னையில் பணம் வாங்கிய கதை

2018 வரை எனக்குத் தெரிந்த உலகம் சென்னை உயர் நீதிமன்றத்தின் சிவில் பக்கம்தான். பாகப்பிரிவினை, கிரய ஒப்பந்தம், வாய்தா, மறுபடியும் வாய்தா. ஒரு நாள் சீனியர் ஒரு கேஸ் கட்டை என் மேசையில் போட்டு, “பாஸ்போர்ட் இருக்கா?” என்றார். இயந்திரம் விற்ற சிங்கப்பூர் கம்பெனி எங்கள் கட்சிக்காரர். வாங்கிவிட்டுப் பாக்கி வைத்தது தமிழ்நாட்டு நிறுவனம் ஒன்று. தகராறு வந்தால் சிங்கப்பூரில் ஆர்பிட்ரேஷன், அதாவது கோர்ட்டுக்குப் போகாமல் நடுவர்களை வைத்துத் தீர்த்துக்கொள்வது, என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது.

விசாரணை சிங்கப்பூரில் இருக்கும் மேக்ஸ்வெல் சேம்பர்ஸில் நடந்தது. ஒரு காலத்தில் சுங்க அலுவலகமாக இருந்த கட்டடம். கவுன் கிடையாது, கழுத்துப் பட்டை கிடையாது. நம் சாட்சியை நாமே கேள்வி கேட்கும் முதல் விசாரணையும் கிடையாது. சாட்சி சொல்ல வேண்டியதெல்லாம் எழுத்து வாக்குமூலமாக முன்பே போய்விடும், எடுத்த எடுப்பில் குறுக்கு விசாரணைதான். அதற்கும் செஸ் ஆட்டக் கணக்குதான்: ஒவ்வொரு தரப்புக்கும் ஆறு மணி நேரம், நான் வாய் திறந்தால் என் நேரம் ஓடும். நம்மூர்ப் பழக்கத்தில், ஒரு கையெழுத்தை வைத்தே சாட்சியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். “நீங்கள் சொல்வது பொய் என்கிறேன்” என்று வேறு முடித்தேன். மூன்று நடுவர்களில் நடுவில் இருந்தவர், கையெழுத்தை யாருமே மறுக்கவில்லையே என்று மெதுவாகக் கேட்டார். கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பது நிமிடம் போயிருந்தது.

எப்படியோ ஜெயித்தோம். அவார்டு, அதாவது நடுவர்களின் தீர்ப்பு, வந்த அன்றே கட்சிக்காரர் கேட்டார்: “பணம் எப்போ வரும்?” எதிர்த்தரப்பின் சொத்து இருப்பது இங்கே. சிங்கப்பூர் அவார்டை இங்கே செல்ல வைப்பது 1958ஆம் வருட நியூயார்க் உடன்படிக்கை. அதைப் பிடித்துக்கொண்டு இந்தியாவின் 1996ஆம் வருட ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 47ஆவது பிரிவில் உயர் நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். அவார்டு, ஒப்பந்தம் இரண்டுக்கும் அசல் அல்லது சான்றிட்ட நகல் கூடவே போக வேண்டும்.

இங்கேதான் எங்கள் குமாஸ்தா வந்தார். நாற்பது வருடம் காகிதம் எண்ணிய கை. கட்சிக்காரர் அனுப்பிய ஒப்பந்த நகலைப் புரட்டிவிட்டு, “சார், 31ஆம் பக்கம் இல்லையே” என்றார். ஆர்பிட்ரேஷன் பிரிவு இருந்ததே அந்தப் பக்கத்தில்தான்! முழு நகல் சான்றோடு வந்துசேர மூன்று வாரம் ஆனது.

அடுத்து, ஸ்டாம்ப் கட்டாத அவார்டு செல்லாது என்று எதிர்த்தரப்பு பதில் மனு போட்டது. வெளிநாட்டு அவார்டுக்கு இந்திய முத்திரைக் கட்டணம் தேவையில்லை என்று 2018 செப்டம்பரிலேயே ஸ்ரீராம் இ.பி.சி. வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. அதுவும் சென்னையிலிருந்து மேலே போன வழக்கு. அந்த வாதம் அதோடு படுத்துவிட்டது. பிறகு, வாதாடத் தங்களுக்கு வாய்ப்பே தரவில்லை என்று, வெளிநாட்டு அவார்டை எந்தக் காரணங்களுக்காக மறுக்கலாம் என்று சொல்லும் 48ஆவது பிரிவுக்குத் தாவினார்கள். நடந்தது என்னவென்றால், கடைசி நேரத்தில் கேட்ட வாய்தா ஒன்றை நடுவர்கள் மறுத்திருந்தார்கள், அவ்வளவுதான். 2020 பிப்ரவரியில் விஜய் காரியா என்ற வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அவார்டு சரியா தப்பா என்று இங்கே மறுபடி தோண்ட முடியாது என்று சொன்னதோடு, மேல்முறையீடு செய்தவர்களுக்கு 50 லட்சம் ரூபாய் செலவுத்தொகையும் விதித்திருந்தார்கள். அன்று மாலை சீனியர் எனக்குக் காபி வாங்கித் தந்தார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய விஷயம்.

மார்ச்சில் ஊரடங்கு. மிச்ச வாதத்தை என் வீட்டு ஹாலில், வேட்டிக்கு மேலே கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு முடித்தேன். உத்தரவு எங்கள் பக்கம் வந்தது. ஆனாலும் பணம் வரவில்லை. சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யச் சொன்ன பிறகுதான் எதிர்த்தரப்பு சமரசம் பேச வந்தது. மூன்று தவணை என்று முடிவானது. ஒப்பந்தம் எழுதி முடித்ததும் குமாஸ்தாவிடம்தான் முதலில் கொடுத்தேன். எச்சில் தொட்டுப் புரட்டிப் பார்த்துவிட்டு, “பக்கமெல்லாம் இருக்கு சார்” என்றார்.