குரோம் போச்சு, நிக்கல் அடம்பிடிக்குது: பித்தளைக் கைப்பிடி, இரண்டாம் கட்டம்

முலாமைக் கழற்றிய எட்டுக் கதவுக் கைப்பிடியில் ஆறு பளிச்சென்று வந்துவிட்டன. மீதி இரண்டில் திருகுத் துளையைச் சுற்றி அம்மைத் தழும்பு மாதிரி குழி. காரணம் பிடிபட்டுவிட்டதால் சூட்டோடு எழுதிவிடுகிறேன்.

சரக்கு மும்பை சோர் பஜார், மட்டன் ஸ்ட்ரீட்டில் எடுத்தது. கனமான வார்ப்பு. நல்ல பித்தளைக்கு மேல் நிக்கல், அதற்கு மேல் குரோம் ஏற்றிக் குளியலறைக் குழாய் மாதிரி ஆக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே பித்தளைதானா என்று முதலில் பார்த்தே ஆகவேண்டும். ஜிங்க் வார்ப்பாக இருந்தால் ஆசிட்டில் விழுந்ததும் பொங்கிக் கரைந்துவிடும். காந்தம் இங்கே உதவாது, இரண்டிலுமே ஒட்டாது. சமையலறைத் தராசில் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்துப் பூஜ்ஜியமாக்கி, கைப்பிடியை நூலில் கட்டி அடியில் படாமல் முக்குங்கள். 340 கிராம் கைப்பிடிக்குத் தராசு 40 காட்டினால் அடர்த்தி 8.5, பித்தளை. 51 காட்டினால் ஜிங்க், கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள்.

குரோம் எடுப்பது பெரிய வேலையில்லை. கடையில் கிடைக்கும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டும் தண்ணீரும் சரிபாதி. போட்டதும் நுரைத்து, கரைசல் பச்சையாகும். நுரை நின்றதும் உடனே வெளியே எடுத்துவிட வேண்டும். அடியில் தெரியும் நிக்கல் லேசான மஞ்சள் சாயலில் இருக்கும். சில துண்டு போட்டபடியே சும்மா கிடக்கும். ஒரு ஜிங்க் துண்டால் தொட்டால் போதும், அந்த இடத்திலிருந்து நுரை கிளம்பிப் பரவும். இரும்புக் கம்பியில் மட்டும் தொங்கவிடாதீர்கள். கரைசலில் இருக்கும் செம்பு பித்தளையில் படிந்து ரோஸ் நிறமாகிவிடும். காஸ்டிக் சோடாவில் கரண்ட் விட்டுக் குரோமைக் கழற்றும் வழியும் உண்டு. அதில் வருவது மஞ்சள் நிற ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோய் தரும் விஷம். வீட்டில் வேண்டவே வேண்டாம். ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஆவிக்கே பக்கத்து அலமாரியில் இருந்த ரம்பம், அரம் எல்லாம் ஒரே இரவில் துரு ஏறிவிட்டது.

தலைவலி நிக்கலில்தான். ஹைட்ரோகுளோரிக்கில் எவ்வளவு நேரம் போட்டாலும் அசையாது, அதற்குள் பித்தளையிலிருந்து துத்தநாகம்தான் கழன்று போகும். முலாம் பட்டறைக்காரர்களின் பழைய வழி: அடர்த்தியான சல்பூரிக் ஆசிட், ஈயத் தகடு நெகட்டிவில், கைப்பிடி பாசிட்டிவில், 6 வோல்ட். 1 லிட்டர் டிஸ்டில்டு வாட்டருக்கு 98 சதவீத ஆசிட் 1.25 லிட்டர். தண்ணீரில்தான் ஆசிட்டை விட வேண்டும், அதுவும் ஐஸ் தொட்டிக்குள் பாத்திரத்தை வைத்து, நூல் மாதிரி, அரைமணி நேரத்துக்குக் குறையாமல். ஆறியதும், அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டர் 1.58, 1.59 காட்ட வேண்டும். பேட்டரிக் கடை ஹைட்ரோமீட்டர் 1.3-ஐத் தாண்டாது, ஆய்வகத்துக்கானதை வாங்குங்கள். பேட்டரி ஆசிட்டையே ஊற்றிப் பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: கூடாது. அது நீர்த்தது, நிக்கலோடு பித்தளையையும் சேர்த்துத் தின்னும். லிட்டருக்கு 30 கிராம் கிளிசரின் சேர்த்தால் அரிப்பு இன்னும் குறையும்.

அடர்த்தியில்தான் எல்லா சூட்சுமமும். இந்த அளவு கெட்டியான ஆசிட்டில் நிக்கல் கரையும், அது தீர்ந்து பித்தளை தெரிந்ததும் மேற்பரப்பு தானாக மூடிக்கொண்டு கரண்டைத் தடுக்கும். அதனால் கடிகாரம் வேண்டாம், அம்மீட்டரைப் பார்த்தால் போதும். 8 ஆம்பியரில் தொடங்கி ஏழெட்டு நிமிடம் அப்படியே நின்று, பிறகு ஒரே நிமிடத்தில் 1 ஆம்பியருக்குச் சரியும். சரிந்ததும் எடு. 3, 4 ஆம்பியரில் இறங்காமல் நின்றால் குடைவுக்குள் எங்கோ நிக்கல் மிச்சம், இல்லையென்றால் ஆசிட் நீர்த்துவிட்டது.

குழி விழுந்த இரண்டின் கதையும் இதுதான். பின்பக்கத் திருகுத் துளை மறுபக்கம் திறக்காதது. குரோம் எடுத்துக் கழுவியபோது உள்ளே நின்ற நாலு சொட்டுத் தண்ணீர், சல்பூரிக்கில் முக்கியதும் மெதுவாகக் கசிந்திருக்கிறது. துளை வாயில் மட்டும் ஆசிட் நீர்த்து, மூடிக்கொள்ள வேண்டிய பித்தளை அங்கே கரைந்துகொண்டே இருந்திருக்கிறது. குழிகள் துளையிலிருந்து மேல்நோக்கி வால் மாதிரி ஏறியிருப்பதைப் பார்த்ததும்தான் புரிந்தது. அடுத்த ஆறுக்கும் கொதிநீரில் அலசி, துளைக்குள் டிஷ்யூவைத் திரித்து விட்டு ஈரத்தை ஒற்றி, ஹேர் டிரையரில் கைபொறுக்காத சூடு வரை காயவைத்து, ஆறவிட்டு இறக்கினேன். ஒரு குழிகூட இல்லை. ஜூலை மாத மும்பைக் காற்றே போதும் ஆசிட்டைக் கெடுக்க. மூன்று நாள் மூடாமல் விட்டதில் 1.59 என்பது 1.56 ஆகிவிட்டது. காற்றுப் புகாத மூடி அவசியம்.

நிக்கல் முழுதும் போனதா என்று பார்க்கச் சின்ன நியோடிமியம் காந்தத்தை நூலில் தொங்கவிட்டு அருகே கொண்டுபோங்கள். நிக்கல் இருந்தால் காந்தம் லேசாகச் சாய்ந்து ஒட்டப் பார்க்கும், வெறும் பித்தளையில் சும்மா தொங்கும். கண்ணுக்குத் தெரியாத மிச்சத்தைக்கூட இது காட்டிக்கொடுத்தது, குறிப்பாகப் பிடியின் உள்வளைவில். ஈயத் தகட்டைச் சுருட்டி உருளையாக்கி, கைப்பிடியை நடுவில் தொங்கவிட்டதும் அந்த மிச்சமும் போனது.

ஆசிட் வாங்க பிரின்சஸ் ஸ்ட்ரீட். 2013 உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு அடையாள அட்டையும், எதற்கு வாங்குகிறீர்கள் என்ற விவரமும் பதிவேட்டில் ஏறும், கூச்சப்படாமல் சொல்லுங்கள். பஃப் வீல், பாலிஷ் சோப்புக்கு நாக்தேவி ஸ்ட்ரீட். ஈயத் தகடு பங்கார் கடையில் (பழைய உலோகக் கடை) கிலோக் கணக்கில் கிடைக்கும். பச்சைக் கரைசலைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். சுண்ணாம்பு போட்டு, லிட்மஸ் நன்றாக நீலமாகும் வரை கலக்கி, அடியில் படியும் சேற்றை மூடிய டப்பாவில் தனியாக வைத்திருக்கிறேன்.

பஃப் இன்னும் அடிக்கவில்லை. அதற்குள் அதே கதவின் கீல்கள் மேல் கண் போய்விட்டது. பித்தளை இதழ், நடுவில் இரும்பு ஆணி. ஆணியோடு ஆசிட்டில் போட்டால் மொத்தமும் ரோஸாகும். ஆறில் மூன்று ஆணி கழன்றாயிற்று, மற்ற மூன்றும் நேற்றிலிருந்து எண்ணெயில் ஊறுகின்றன.